பாம்பன் ரெண்டு

எங்கள் ஊர்ப் பணத்துக்குக் காரம் உண்டு. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்குக் கீழே நெல், தண்ணீர் எட்டாத மேட்டில் மிளகாய் என்று பிழைக்கிற ஊர் அது. பழுத்த குண்டு மிளகாயைக் காயவைத்து, வத்தலாக்கி, சாக்கில் கட்டி உள்ளறையில் அடுக்கிவிடுவார்கள். வீட்டில் பணம் வைக்கிற இடமும் அந்தச் சாக்குதான். பீரோ என்றால் திருடன் உடைப்பான். வத்தல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ எவனுக்குத் தைரியம் வரும்? எங்கள் ஊர் ஆள் நோட்டை நீட்டினால் வாங்குகிற கடைக்காரர் முதலில் தும்முவார். பிறகு, "மங்கலத்துப் பக்கமா?" என்று கேட்பார்.

ரொக்கத்துக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது, யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஓடுகிற பேருந்தில் ஒரு நோட்டு என் அய்யாவைக் காட்டிக்கொடுத்ததை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது பாம்பனில் சாலைப் பாலம் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு ராமநாதபுரத்தில் தட்டச்சர் வேலை. தினமும் போய்வர மாதப் பாஸ் எடுத்தேன். பவுடரை அப்பிக்கொண்டு எடுத்த போட்டோ, அதற்குக் கீழே என் பெயர், வயது, ஊர், ஏறும் இடம், இறங்கும் இடம், எல்லாவற்றின் மேலும் ஒரு முத்திரை. பெரிய அதிகாரியே ஆகிவிட்ட மாதிரி அதைக் கைப்பையில் எல்லோருக்கும் தெரிகிற பக்கமாக வைத்திருந்தேன்.

பெருமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் கண்டக்டர் பாஸை வாங்கி நிதானமாகப் படித்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "தங்கச்சி, வயசப் பாத்தேன். என் மச்சினன் ஒருத்தன் மின்சார ஆபீஸ்ல இருக்கான், நல்ல பையன்" என்றார். பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு வரன் வந்துவிட்டது. ஒருவர் ஜாதகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோபமாகச் சொன்னேன். அய்யா விழுந்து விழுந்து சிரித்தார். "செம்மறி ஆட்டுக்குத்தான் காதறுத்து அடையாளம் வைப்பாக. நீ காசு குடுத்துல்ல வச்சுட்டு வந்திருக்க" என்றார்.

அவருக்கும் ஒரு பாஸ் எடுத்துத் தர வேண்டும் என்பது என் ஆசை. வாராவாரம் வியாழக்கிழமை அய்யா ராமநாதபுரத்துக்குப் போவார். வாய்க்கால் தண்ணீர் சம்பந்தமாக ஒரு வழக்கு, வாய்தா, வக்கீலைப் பார்க்கணும் என்பார். போதாததற்கு நடுவே உரக்கடை, விதைக்கடை என்று வேறு வேலைகளும் சொல்லுவார். பாஸ் என்றால் செலவு குறையும். ஒரு ரூபாய் மிச்சமாகும் என்றால் கொளுத்துகிற வெயிலில் அடுத்த ஸ்டாப் வரை நடக்கிற மனிதர் அவர். ஆனால் பாஸ் பேச்சை எடுத்ததும் சீறினார்.

"நான் எங்க ஏறுறேன், எங்க எறங்குறேன்னு அட்டை போட்டு எழுதிக் கழுத்துல மாட்டவா? போத்தா அங்கிட்டு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது. கஞ்சன் சலுகை வேண்டாம் என்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பது அம்மாவுக்கு உடனே பட்டுவிட்டது. அன்றிலிருந்து அய்யாவின் சட்டைப் பையைச் சோதனை போட ஆரம்பித்தது. ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் காலத்து டிக்கெட் மொடமொடவென்று இருக்கும். இறங்கியதும் அதை ஊசி மாதிரி சுருட்டிக் காதைக் குடைந்து, குடைந்த சுகத்தில் கண்ணை மூடி, அப்படியே வழியில் போட்டுவிடுவது அய்யாவின் வழக்கம். கிடைத்தாலும் அதில் கட்டணமும் சில துளைகளும்தான் இருக்கும். எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தச் சமயத்தில்தான் வக்கீல் குமாஸ்தா ஒரு வேலையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டு, "அய்யா சௌக்கியமா? கேஸ் முடிஞ்சதும் ஆளையே காணோமே" என்றார். எப்போது முடிந்தது என்று கேட்டேன். "போன வருசமே ராசி ஆயிருச்சேம்மா" என்றார்.

அதை நான் அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது. கேட்டதும் அம்மா அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது. மெதுவாக, "எவளா இருக்கும்டி?" என்று கேட்டது. அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதுவரை எனக்கு விளையாட்டாக இருந்தது, அதன்பிறகு விளையாட்டாக இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லி வைத்தேன். அம்மாவும் நானும் குறுக்கு வழியில் நடந்து முந்தின ஸ்டாப்புக்குப் போய், தேவகோட்டையிலிருந்து ராமேஸ்வரம் போகிற பேருந்தில் முன்வாசல் வழியாக ஏறினோம். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டது. நான் அதன் தோளைப் பிடித்து நின்றேன். எங்கள் ஊர் வந்தது. பின்வாசலில் அய்யா ஏறினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மாப்பிள்ளைக் களை. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தது.

பேருந்தில் எள் போட இடமில்லை. கண்டக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வரன் சொன்ன அதே கண்டக்டர், அந்த வாரம் அவருக்கு இந்த வண்டி. கூட்டம் நெரித்தால் அவர் எழுந்து வரமாட்டார். பணம்தான் அவரைத் தேடிப் போகும். பின்னால் நிற்பவர் காசைக் கொடுத்து ஊரைச் சொன்னால், காசும் ஊரும் கைக்குக் கை, வாய்க்கு வாய் முன்னால் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஒரு பைசா குறைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் யார் எந்த ஊருக்குப் போகிறார் என்பது வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

பின்னால் யாரோ தும்மினார். அவருக்கு முன்னால் நின்றவர் தும்மினார். பிறகு ஒரு கைக்குழந்தை தும்மியது. தும்மல் ஒவ்வொரு சீட்டாக முன்னேறி எங்களை நோக்கி வந்தது. அம்மாவுக்குப் பின் சீட்டிலிருந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரு காசும்மா இது, இந்தக் காரம் காருது! பாம்பன் ஒண்ணாம்" என்று நோட்டை நீட்டினார்.

அம்மா வாங்கியது. தும்மவில்லை. மடியில் விரித்துப் பார்த்தது. ஓரம் கிழிந்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய நோட்டு. முந்தின ராத்திரி அம்மா தன் கையால் ஒட்டி மூட்டைக்குள் வைத்ததுதான்.

"பாம்பனா?" என்றது அம்மா, தனக்குத்தானே. "கடக்கரையிலயா வச்சிருக்காக?"

எழுந்து கத்தப்போகிறது, இன்றைக்கு நாலு ஊர் சிரிக்கப்போகிறது என்று பயந்தேன். அம்மா அசையவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தது. அதே மூட்டையிலிருந்து வந்த இன்னொரு நோட்டை எடுத்து, அய்யாவின் நோட்டோடு சேர்த்து மடித்து, முன்னால் இருந்தவரின் தோளைத் தட்டியது.

"பாம்பன் ரெண்டு."

முன்னால் இன்னும் நாலு பேர் தும்மினார்கள். இரண்டு டிக்கெட்டும் சில்லறையும் திரும்பி வந்தன. அம்மா ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பின்னால் அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் பின்வாசல் பக்கமிருந்து அய்யாவின் குரல் கேட்டது.

"ஏப்பா, ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு டிக்கெட்டு?"

பதில் வாய்க்கு வாய் போனது. "முன்னால ஒரு அம்மா சேத்து எடுத்திருக்காக." "எந்த அம்மா?" "தெரியல. ஆனா அவுக காசும் தும்மல் போடுது."



ராமநாதபுரம் வந்தது. என் பாஸ் அதோடு முடிகிறது. "தங்கச்சி, உங்க எடம்" என்றார் கண்டக்டர். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் இறங்கிப்போய் நான் எதைத் தட்டச்சு செய்வது? எனக்கும் ஒரு பாம்பன் கொடுங்கள் என்றேன். "ஆபீஸ் லீவா? உடம்புக்கு என்ன?" என்று வண்டிக்கே கேட்கிறமாதிரி விசாரித்தார். வயிற்றுவலி என்றேன். வயிற்றுவலிக்காரி பாம்பனுக்கு ஏன் போகிறாள் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாஸில்லாத அம்மாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மண்டபம் தாண்டிப் பாலத்தில் வண்டி ஏறியதும் ஜன்னல் வழியே காற்று அறைந்தது. இரண்டு பக்கமும் கடல். அம்மா அதைப் பார்க்கவே இல்லை, மடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பாம்பனில் இறங்கினோம். அய்யா பின்வாசல் வழியாக இறங்கி எங்களைப் பார்த்தார். திரும்பிப் பாலத்தின் மேல் நடக்க ஆரம்பித்தார். அம்மா பின்னாலேயே நடந்தது. அம்மாவுக்குப் பின்னால் வயிற்றுவலிக்காரி நான்.

பாலத்தின் உயரமான இடத்துக்குப் போய், கைப்பிடிச் சுவரில் துண்டைப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றி நின்றார் அய்யா.

"இதுக்குத்தேன்" என்றார்.

"எதுக்கு?" என்றது அம்மா.

"தண்ணி பாக்க."

அம்மாவுக்குப் புரியவில்லை. அய்யா கையை வீசிக் காட்டினார். "பாரு. எம்புட்டுத் தண்ணி! மடை தெறக்க வேணாம், மொறை வைக்க வேணாம், உனக்கா எனக்கான்னு ஒருத்தன்கூட மம்பட்டியத் தூக்கிட்டு வரமாட்டான். கேசு முடிஞ்ச அன்னைக்கு சும்மா பாலத்தப் பாக்க வந்தேன். வந்ததுலேருந்து விட முடியல. தண்ணி பாக்கப் போறேன்னு சொன்னா ஊரு சிரிக்காதா?"

வாழ்நாள் முழுக்கக் கண்மாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்ட மனிதர் அவர். அம்மா அவரைப் பார்த்தது, அப்புறம் கடலைப் பார்த்தது. எனக்கு நினைவு தெரிந்து அம்மா அப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அட கூறுகெட்ட மனுசா! நான் ஒருத்தியத் தேடிக்கிட்டுல்ல வந்தேன்!" அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பாலத்தில் ரயில் ஊர்ந்து வந்தது. அய்யா சின்னப் பையன் மாதிரி கையசைத்தார். அம்மாவும் அசைத்தது.

கீழே வந்து டீ குடிக்கும்போது அம்மா ஒரு ஏற்பாடு செய்தது. "தண்ணிக்கு மொறை வேணாம்னீகள்ல? இதுக்கு மொறை வைப்போம். ஒரு வியாழக்கெழமை நானும் கூட வாரேன். அடுத்தது நீங்க தனியாப் போங்க, எங்க போனீகன்னு கேக்க மாட்டேன். ஆனா எனக்கும் ஒரு மொறை உண்டு. நான் கெளம்புற அன்னைக்கு நீங்களும் கேக்கக் கூடாது."

"நீ எங்கடி போயிறப் போற?" என்று அய்யா சிரித்தார்.

பல வருஷம் அம்மா தன் முறையை எடுக்கவேயில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது. கண்டக்டரின் மச்சினன் இல்லை, வேறொருவர். இப்போது என் வீட்டுக்காரர் ரயிலுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அட்டை எண்ணைப் போட்டு டிக்கெட் எடுக்கிறார். அது பேர், வயது, போன் நம்பர் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எங்கே எப்போது காசு போனது என்று மாதம் பிறந்தால் பாங்கிலிருந்து தாள் வந்துவிடும். உறையை முதலில் பிரிப்பது நான்தான். அய்யாவிடம் இதைச் சொன்னபோது, "பாவம்யா மாப்ள" என்றார்.

கண்டக்டர் கையிலும் இப்போது மிஷின். ஏறிய இடம், இறங்கும் இடம், தேதி, மணி எல்லாம் டிக்கெட்டில் அச்சாகி வருகிறது.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். வியாழக்கிழமை காலையில் அம்மா குளித்து, பட்டுக்கரைச் சேலை கட்டி, வத்தல் மூட்டைக்குள் கையை விட்டுப் பணம் எடுத்தது. "இன்னைக்கு என் மொறை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. அய்யா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அன்று முழுவதும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தது. முகம் மலர்ந்து கிடந்தது. செம்பிலிருந்து தண்ணீரைக் குடித்தது. எங்கே போனாய் என்று நான் கேட்டேன், எனக்கு அந்த ஒப்பந்தமெல்லாம் கிடையாது. "பஸ்ஸுல போனேன், பஸ்ஸுல வந்தேன்" என்றது. சுருக்குப்பையை அவிழ்த்தபோது டிக்கெட் நழுவி அய்யாவின் காலடியில் விழுந்தது. அம்மா அதைக் கவனிக்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டது.

அய்யா குனிந்து எடுத்தார். தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர், கண்ணாடியும் மூக்கில்தான் இருந்தது. நான் கழுத்தை நீட்டினேன். அவர் டிக்கெட்டின் எழுத்துப் பக்கத்தை உள்ளே மடித்து, ஊசியாகச் சுருட்டி, காதுக்குள் விட்டுக் குடைந்தார். அது வளைந்து மடங்கிப்போயிற்று.

"த்தூ, இந்த மிசின் தாளு காதுக்கே ஆகல" என்று கசக்கி, எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.