கம்பி இல்லாத போட்டோ

மஸ்கட்டிலிருந்து செஞ்சிக்குத் திரும்பியபோது என் மகள் யாழினியின் எக்ஸ்ரே, பல் அச்சு, அங்கிருந்த டாக்டரின் குறிப்புகள் எல்லாவற்றையும் கைப்பையிலேயே கொண்டுவந்தேன். ஊர் மாறும் பெற்றோர்களே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். என்னிடம் காகிதமெல்லாம் சரியாக இருந்தது. புத்திதான் சரியாக இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. கிளிப் (பல்லில் ஒட்டிக் கம்பி கோக்கும் சிறு பிடி) போட்டு ஒன்றரை வருடத்தில் அது மூடியிருந்தது. மாதம் இருமுறை செஞ்சிக்கு வரும் பல் சீரமைப்பு டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. விட்ட எடத்துலேருந்து தொடரலாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது.

நான்காம் மாதம் அவள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தோம். பேனருக்குப் போட்டோ தேடும்போது நாத்தனார் ஆரம்பித்தாள்.

"இன்னா அண்ணி, இவ்ளோ பெரிய பேனர்ல பொண்ணு கம்பியோடவா நிக்கும்? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

எனக்கும் சுருக்கென்றது. டாக்டரிடம் போய் நின்றேன்.

"இப்ப எடுத்தா பல்லு திரும்பிப் போயிடும்மா. எலும்பு இன்னும் இறுகல."

"ஒரே வாரம் சார். விழா முடிஞ்சதும் கூட்டியாந்துடறேன்."

என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கழற்றினார். மாட்டிக்கொள்ள ஒரு தகடு (பற்கள் நகராமல் பிடித்து வைப்பது) கொடுத்தார். யாழினி நாற்காலியில் படுத்து மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.

விழா முடிந்து சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துகள். வல்லத்தில் ஒரு நாள், பனமலையில் ஒரு நாள். தகடு டப்பாவிலேயே கிடந்தது. ஒரு வாரம் இரண்டு மாதமானது.

ஒரு காலையில் கண்ணாடி முன்னாலிருந்து கூப்பிட்டாள். இடைவெளி திரும்ப வந்திருந்தது. தகட்டை மாட்டிப் பார்த்தோம். பொருந்தவில்லை.

"என் வாய்தானம்மா இது? என்னை ஏன் கேக்கல?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பிறகு விழா ஆல்பத்தைப் புரட்டினேன். ஒரு படத்தில்கூட அவள் வாய் திறந்து சிரித்திருக்கவில்லை. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுபடி கிளிப், மறுபடி ஒரு வருடம். கம்பி முடுக்கிய நாட்களில் அவளுக்குக் கஞ்சிதான். வறுத்த வேர்க்கடலையை நானும் தொடவில்லை.

"உனக்கு இன்னாம்மா, உனக்குமா கம்பி?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வர எட்டு மாதம் ஆகியிருந்தது. பல் தன் நேரத்தில்தான் நகரும். நம் முகூர்த்தம் அதற்குத் தெரியாது.

போன மாதம் டாக்டர் என்னிடம், "முடிஞ்சிடுச்சும்மா. அடுத்த தடவ எடுத்துடலாமா?" என்றார்.

"அவளையே கேளுங்க சார்."

யாழினி யோசித்தாள். "சித்தப்பா கல்யாணம் முடியட்டும் டாக்டர்."

"ஏன்டி, அதுக்கு முன்னாடியே எடுத்துடலாமே?" என்றேன்.

"கம்பியோட ஒரு போட்டோ வேணும்மா."

கல்யாண மேடையில் போட்டோக்காரர் சொல்வதற்கு முன்பே அவள் கம்பியெல்லாம் தெரியச் சிரித்தாள். நாத்தனார் என் முழங்கையை இடித்தாள். நான் திரும்பவே இல்லை.