வேதக்கார வீட்டுல கள்ளு வாடை

எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தா நாக்கு ஒட்டிக்கும். இப்படி ஒரு மனுஷனை வெச்சுக்கிட்டு, ஓடிவந்த ஆளை வீட்டுல ஒளிச்சு வைக்க முடியுமா?

ஒளிச்சு வெச்சோம். கடல் தாண்டிப் பிழைக்க வந்த சீமையில, கோலா கங்சார் ரோட்டோரம் இருந்த ரப்பர் தோட்டம் அது. பக்கத்துத் தோட்டத்துல பிரம்படி தாங்காம ஓடிவந்தவன், காலையில பால்வெட்டப் போன எங்க காலடியில கிடந்தான். கிழிஞ்ச முதுகுல ஈ மொய்ச்சுது. எங்களுக்கு முந்திப் போனவங்க பார்க்காத மாதிரி தாண்டிப் போயிருந்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தத் தோட்டத்துக் கங்காணி எங்க கங்காணிக்கு மச்சான். ஓடினவனுக்கு இடம் குடுத்தா நாங்க குடியிருந்த லயத்து வீட்டை விட்டே விரட்டுவாங்க. பிடிபட்டுத் திரும்பிப் போனா அவன் உயிரோட இருக்க மாட்டான்னும் எல்லாருக்கும் தெரியும்.

"விடுங்க, போலாம்"னேன். அவர் நகரலை. "போன வாரம் கோயில்ல நான் என்ன வாசிச்சேன்?"னு கேட்டாரு. எங்க தோட்டத்து வேதக்கோயில்ல வேதம் வாசிக்கிறது அவர்தான். வழியில அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிட்டுப் போய் சத்திரத்துல சேர்த்த சமாரியன் கதை. "அதை வாசிக்காமலே இருந்திருக்கலாம்"னு திட்டிக்கிட்டே காலைப் பிடிச்சுத் தூக்கினேன்.

எல்லாரும் பால்வெட்டுல இருந்த நேரம், லயத்துல ஆள் இல்லை. விறகுக் கட்டுக்குப் பின்னால சாக்கு விரிச்சுப் படுக்க வெச்சோம். புண்ணுக்கு என்ன போடறது? ஆஸ்பத்திரிப் பக்கம் போக முடியாது. சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் ஊத்தினான்னாரு.

"திராட்சரசம்னா?"

"புளிச்ச ரசம். நம்ம கள்ளு மாதிரி."

எண்ணெய் வீட்டுல இருந்துச்சு. கள்ளுக்கடைக்கு முக்காட்டைப் போட்டுக்கிட்டு நானே போய் ஒரு செம்பு வாங்கிட்டு வந்தேன். அந்தக் கடை வாசலை அதுவரைக்கும் நான் மிதிச்சதில்லை. ஆனா லயத்துத் தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டுல கருவாடு வறுத்தா வரிசை முழுக்க மணக்கும். அது அப்போ என் புத்திக்கு எட்டலை.

சாயங்காலமே எங்க கங்காணி வந்து வாசல்ல நின்னாரு. அவரும் வேதக்காரர்தான், கோயில்ல முன் வரிசை. மூக்கை உறிஞ்சினாரு.

"என்னா தங்கச்சி, வேதக்கார வீட்டுல கள்ளு வாடை அடிக்குது? யாருக்கு?"

சிரிச்சுக்கிட்டுதான் கேட்டாரு. விறகுக்குப் பின்னால மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவருக்கும் கேட்டிருக்கும்.

எங்க வீட்டுக்காரர் எழுந்து, அடுப்போரம் இருந்த கிண்ணத்தை எடுத்தாரு. புண்ணைத் துடைச்ச துணியை முக்கி எடுத்த கள்ளு அது. சிவந்து போயிருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சாரு.

"நான்தாண்ணே குடிக்கிறேன்."

பொய் இல்லை பாருங்க. பொய் சொல்ல வராததாலதான் அதைக் குடிச்சாரு.

கங்காணி காலிக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாரு. "சரி தம்பி. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு உபதேசியார் வாராரு. அவர்கிட்டயும் இதையே சொல்லு. குடும்பத்தோட வந்துரு"ன்னுட்டுப் போனாரு. அந்த "குடும்பத்தோட" அப்போ எனக்கு உறைக்கலை.

ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தாளு எழுந்து உட்கார்ந்துட்டான், கஞ்சி குடிச்சான். இன்னும் நடக்கத்தான் முடியலை. கதவைச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போனோம்.

உபதேசியார் எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுக் கேட்டாரு.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

வேதப்புத்தகத்தை அவர் கையில இருந்து வாங்கிட்டாங்க. பொம்பளைங்க பக்கம் யாரோ சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடப்பாவிங்களா, எதுக்குக் குடிச்சாருன்னு தெரியுமா உங்களுக்கு! எழுந்து கத்தியே இருப்பேன். அப்போதான் முன் வரிசையைப் பார்த்தேன். கங்காணி உட்கார்ற இடம் காலியா இருந்துச்சு.

முந்தானை எங்க போகுதுன்னு தெரியாம ஓடினேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்துச்சு. விறகெல்லாம் சரிஞ்சு, அந்தச் சாக்கு மட்டும் விரிச்சபடி இருந்துச்சு.

பின்னாலயே ஓடிவந்த எங்க வீட்டுக்காரர் அந்தச் சாக்கு மேலயே உட்கார்ந்துட்டாரு. எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு.

"சமாரியன் சேர்த்த சத்திரத்துக்கு யாராவது தேடிக்கிட்டு வந்தாங்களா? வேதத்துல இருக்கா?"

"இல்லை"ன்னாரு. "அதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சுருது."