அம்மா ஏற மறுத்த மோட்டார்

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும், இனி எங்கள் குடும்பம் அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற பெண். வானம் இருட்டினால் வெள்ளம் வரும் என்பேன்; அப்பா தும்மினால் போர்வையோடு ஓடுவேன். பிறகு படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், படித்ததெல்லாம் மறந்தும் போனது. கவலைப்படுவது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய பெரிய மோட்டார் சைக்கிள் இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற வகை. அதில்தான் குருபோங்கில் இருந்த தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். ஞாயிறு வந்தால் என்னைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்காரவைத்து, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செலண்டார் பக்கத்துத் தோட்டத்துக்குக் கிளம்புவார். அம்மா பிறந்த இடம் அது. அங்கே கோயில் இருந்தது. மாமாவும் இருந்தார். அம்மாவுக்குத் தம்பி, வாயை மூடத் தெரியாதவர்.

கோயில் வாசலில் பாதை கொஞ்சம் மேடு. ஒருநாள் அதில் ஏறி இறங்கும்போது மோட்டாரின் பின்பக்கம் தொபுக்கென்று அமுங்கி, டயர் மட்கார்டில் உரசிக் 'கர்ர்ர்' என்று கத்தியது. பூசைக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, மோட்டாரு அழுவுது லா! பாவம், எறங்கி நடந்து வா!" என்று கத்தினார் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அடுத்த ஞாயிறு, மோட்டாரில் போனால் தலை சுற்றுகிறது என்று சொல்லி பஸ் ஏறினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அப்பாவும் நானும் பஸ்ஸை முந்தாமல் அதன் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் போவோம். அம்மா இறங்கி, செம்பனை மரங்களுக்கு நடுவே தோட்டத்துக்கு நடப்பார். அப்பா மோட்டாரை உருட்டுகிற மாதிரி அவர் பக்கத்திலேயே ஓட்டுவார். அம்மா ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்ப மாட்டார். வீட்டில் அம்மாவின் தட்டில் சோறும் குறைந்துகொண்டே வந்தது.

"பின்சக்கரத்துல குலுங்கல தாங்குற அப்சோபர் பழசு. எண்ண ஒழுகுது. அதான் அமுங்குது," என்றார் அப்பா ஒருநாள்.

"நீங்க தனியா போறப்ப ஏன் சத்தம் வரல?" என்று கேட்டுவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் முதலில் புருஷன் ஒரு வண்டி, பெண்டாட்டி ஒரு வண்டி என்று ஆகி, அப்புறம் ஆளுக்கொரு வீடு என்றும் ஆகியிருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. யாரோடு போய் இருப்பது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பழைய மாடலுக்கு அப்சோபர் வராது என்று கடைக்காரர் கைவிரித்தார். அப்பா அவரை விடாமல் நச்சரித்து, எப்படியோ ஒரு புது ஜோடியை வரவழைத்தார். ஒரு சனிக்கிழமை காலை மாமாவும் வந்துசேர்ந்தார். அப்பாதான் கூப்பிட்டிருந்தார். வாயால் செய்ததைக் கையால் சரிசெய்யட்டும் என்று நினைத்திருக்கலாம்.

பக்கத்து வீட்டுக் கார் ஜாக்கியை அடியில் கொடுத்து மோட்டாரைத் தூக்கி, சாயாமலிருக்க வாசல் தூணில் கயிற்றால் கட்டினார்கள். ஒரு பக்கத்தைக் கழற்றி, அதை மாட்டி முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் இடது பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே மாமா வலது பக்கத்தையும் கழற்றிவிட்டார். தாங்க ஒன்றும் இல்லாமல் பின்சக்கரம் தடாலென்று தரையில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஒன்னு கழட்டி ஒன்னு மாட்டணும்னு சொன்னேன்ல டா!"

"சட்டுனு முடிச்சிரலாம்னுதான் மச்சான்..."

"நீ முடிச்சதுதான் தெரியுதே!"

புது அப்சோபரை மேலே மாட்டியாயிற்று. கீழே போல்ட் போகிற ஓட்டை மட்டும் சக்கரத்தோடு சேரவில்லை. மாமா சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார். தூக்கினால் கை நடுங்கியது, நடுங்கினால் ஓட்டை நகர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "நகரு டா" என்றார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அசையாமல் நிறுத்தினார். போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபக்கமும் அப்படியே. கரண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்பிரிங்கின் அடியில், படிக்கட்டுப் போல வெட்டிய வளையம் ஒன்று இருந்தது. அதைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் இறுகும், பாரம் ஏறினாலும் அமுங்காது. அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கொக்கி ஸ்பானரால் இரண்டு பக்கமும் கடைசிப் படிவரை திருப்பினார்.

"இவ்ளோ டைட்டா? தனியா போறப்ப முதுகு ஒடஞ்சிரும் மச்சான்!"

"மெதுவா பேசு டா."

மோட்டாரை இறக்கியதும், புதுச் சாமான் மாட்டியதால் பூசை போட்டே ஆகவேண்டும் என்றார் மாமா. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்ட அம்மா வந்தார். பழத்தை நசுக்க வண்டியை நகர்த்த வேண்டும். அப்பா ஏறி உட்கார்ந்து, பின்சீட்டைக் கையால் தட்டினார். மாமா மறுபடியும் வாயைத் திறந்தார்.

"ஏறு க்கா. நீ ஏறுனாதான் பழம் நல்லா நசுங்கும்!"

அம்மா சூடத் தட்டோடு அப்படியே நின்றார்.

"நசுங்காட்டி போவுது. நீ ஏறு," என்றார் அப்பா.

பூசை போட்ட வண்டியில் ஏற மாட்டேன் என்று அம்மாவால் சொல்ல முடியாது. தட்டை என்னிடம் தந்துவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்து ஏறினார். நான் குனிந்து பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைகிற இடம் அப்படியே இருந்தது. தெருமுனை மேட்டில் இரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள். சத்தமே இல்லை.

"பாத்தியா, அப்சோபர்தான்!" என்று திரும்பி வரும்போதே கத்தினார் அப்பா. அன்று மத்தியானம் அம்மா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் பழையபடி ஆகிவிட்டன. ஆனால் வேலை நாட்களில் அப்பா தனியாகப் போகும்போது சின்னப் பள்ளத்துக்கெல்லாம் சீட்டிலிருந்து எகிறி விழுந்தார். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். வளையத்தைத் தளர்த்த மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குப் புதுக் கவலை. தினமும் காலையில் அந்தக் கொக்கி ஸ்பானரை எடுத்து, அவர் கண்ணில் படும்படி சீட்டின் மேல் வைத்தேன். அவர் தினமும் எடுத்து, சாமான் பெட்டிக்கு அடியில் சொருகிவிட்டுப் போனார். கடைசியில் ஒருநாள் குனிந்து என் காதில் சொன்னார்:

"இத வெளிய எடுக்காத மா. உங்கம்மா பாத்துரப் போறா."

கையில் கிரீஸ் பட்டால் அம்மா திட்டுவார் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் ஓடிப்போய் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவிக்கொண்டேன்.