அடிக்காமல் வளர்த்தவளும் அவளைக் கேலி செய்த நாமும்

இந்த நினைவு நாள் மலரை வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் வாசியுங்கள்.

என் தங்கை அந்தமானில், மாயாபந்தரில் பிறந்தாள். மலரில் 'அவர்' என்று எழுதச் சொன்னார்கள். இடுப்பில் சுமந்தவள் நான், எனக்கு அவள்தான். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி ரோடு வேலைக்கு வந்தவர். அம்மா போனபோது தங்கைக்கு இரண்டு வயது. நான் மூன்றாம் வகுப்போடு நின்று ஜல்லி சுமந்தேன். பிறகு பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டி அருகே நாலு பெஞ்சு போட்டு இட்லிக் கடை. இன்று அது இரண்டு மாடி மெஸ். யார் தயவும் கிடையாது. தங்கையை மெயின்லேண்டுக்கு அனுப்பி நர்ஸாக்கியது நான். என் மகன்களை ஆளாக்கியது என் கரண்டிக்காம்பு. அப்படித்தான் பெருமை பேசிவந்தேன்.

தங்கைக்குப் பிள்ளை இல்லை. கணவரும் சீக்கிரம் போய்விட்டார். ஆதரவில்லாத பிள்ளைகளை அரசு அனுமதியோடு, ஒருவர் பின் ஒருவராக நான்கு பேரை வீட்டில் வைத்து வளர்த்தாள். ஒருவர் மீதும் கை வைத்ததில்லை. "கொஞ்சியே கெடுக்கிறா" என்று சிரித்தீர்களே, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

கடைசியாக வந்தவள் ரீத்தா. அப்போது ஏழு வயது, ஹிந்தி மட்டும் தெரியும், சாப்பாட்டை ஒளித்துவைப்பாள். ஒருநாள் என் மெஸ்ஸில் அவள் பள்ளிப்பையைத் திறந்தால் வறுத்த மீன், நசுங்கிய சப்பாத்தி, எறும்பு. கரண்டிக்காம்பால் முழங்கையில் ஒன்று வைத்தேன். தங்கை வந்து பார்த்தாள். பிள்ளைக்கென்று ஒரு டப்பா வாங்கி, அதில் பிஸ்கட் குறையாமல் பார்த்துக்கொண்டாள். சில மாதத்தில் ஒளிப்பது தானாக நின்றது. என்னிடம் பேசியது வேறு விதம்.

"அக்கா, உன் சோத்துல வளந்தவ நான். ஆனா அடிக்கிற கையோட என் வாசப்படி மிதிக்காத."

"ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக என்னையாடி சொல்ற?"

"உன்னையேதான்."

ஒரு வருடம் பேச்சில்லை. அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபிறகுதான் போனேன். அப்போதும் வாசலில் நிறுத்தி, ரீத்தாவிடம் மன்னிப்புக் கேட்கவைத்தே உள்ளே விட்டாள். எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது.

அவள் போனதும் காரியத்துக்கு வந்து, தெய்வப் பிறவி என்று மாரில் அடித்துக்கொண்டீர்கள். ரீத்தாவை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அழுகை சட்டென்று நின்றது.

"ஜாதி என்னன்னே தெரியாதேக்கா, பேசாம ஹோமுக்கே அனுப்பிரு" என்றான் சித்தப்பா மகன். ஒருவர்கூட அவனை மறுக்கவில்லை.

மறுவாரம் இளைய மகனையும் மருமகளையும் ரீத்தாவையும் கூட்டிக்கொண்டு ஃபெரியில் போர்ட் பிளேர் போனேன். எனக்கு வயது கடந்துவிட்டதால் அவர்கள் பெயரில் வளர்ப்பு மனு, என் வீட்டில் வாசம். குழந்தைகள் நல அலுவலகத்து மேடம் ரீத்தாவை ஹிந்தியில் மகளே என்று கூப்பிட்டு, "பேட்டி, பெரியம்மா அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "ஒரு தடவ அடிச்சாங்க. ரொம்ப வலிச்சது. இன்னொரு தடவ அடிச்சா இங்கயே வந்துருவேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடிச்சா நானே கொண்டாந்து விடுறேன். எழுதிக்கோங்க மேடம்" என்றேன்.

ரீத்தா என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சலோ பெரியம்மா" என்றாள்.

வந்து பத்து மாதம் ஆகிறது. கத்துகிறேன். ஒருமுறை கை ஓங்கியும்விட்டேன். அவள் நகரவில்லை, கையை நான்தான் இறக்கினேன். அறுபத்தெட்டு வயதில் இதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

கடைசி நாட்களில் தங்கையைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்த நர்ஸ் பெண்களுக்கு நன்றி. அவளைத் தோளில் சுமந்த ஜெட்டித் தொழிலாளர்களுக்கு நன்றி. அந்த மேடத்துக்கு நன்றி. உறவினர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இதை வாசித்து முடிக்கும்போது பந்தி போட்டிருப்பார்கள். இலையில் பரிமாற வருபவள் ரீத்தா, என் தங்கையின் மகள். அவள் கையால் வாங்கப் பிடிக்காதவர்கள் எழுந்துகொள்ளலாம். ஃபெரி இருக்கிறது.