என் பெயருக்கு முளைத்த வால்

லண்டனுக்கு வந்த புதிதில், கடைக்காரி ரசீதை நீட்டி ‘டார்லிங்’ என்றபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அவளுடைய புருசன் நிற்கிறானாக்கும் என்று. யாருமில்லை. இங்கே ‘லவ்’, ‘டார்லிங்’ எல்லாம் பால் போத்தலோடு சேர்த்துத் தருகிற இலவசப் பொருள்; வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

வெம்பிளியில் நான் வேலைசெய்த பேக்கரியில் ஸ்வெத்லானா என்ற ரஷ்யப் பெண்மணி இருந்தார். என்னிலும் பத்து வயது மூத்தவர். அவருடைய அன்பு வேறு மாதிரி. ஆங்கிலேயர் பெயரை நறுக்கி நெருங்குவார்கள்: ராபர்ட் பாப் ஆவார், எலிசபெத் லிஸ் ஆவார். ரஷ்யரோ வாலை ஒட்டி நெருங்குவார்கள். ஸ்வெத்லானா நண்பர்களுக்கு ஸ்வெத்தா. மனம் உருகினால் ஸ்வெத்தோச்கா. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். மாவுக் கையோடு யோசித்து, “லிட்டில் ஸ்வெத்தா... சீ, தொப்பிக் கடையில் அளவு சொல்வது போலிருக்கு” என்றார். நானும் பிள்ளைகளைக் கொஞ்சுகிற எங்கள் ‘குஞ்சு’வை ஆங்கிலமாக்கிப் பார்த்தேன், கோழிப் பண்ணைதான் வந்தது. அன்றே சிவா என்ற என்னைச் சிவோச்கா ஆக்கிவிட்டார். ஐம்பதை எட்டும் என் வழுக்கையை யாரோ தடவிவிட்டது போலிருந்தது.

அது 2009. ஊரிலிருந்து வந்த போர்ச் செய்திகள் எங்கள் வீடுகளின் சிரிப்பைத் துடைத்துக்கொண்டுபோன ஆண்டு. மாதக்கணக்காகப் பேச்சுக் குறைந்திருந்த என் மகள், ஹரோ தமிழ் வகுப்பின் சனிக்கிழமை விழாவில் பேசச் சம்மதித்திருந்தாள். எனக்கோ சனிக்கிழமை ஷிப்ட்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் வராட்டி அவள் மேடை ஏறமாட்டாளாம். பிறகு என்னைக் கேக்கக்கூடாது” என்றாள் மனைவி. புருசன் பெயரைச் சொல்லாத எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எல்லாப் புருசனும் ‘இஞ்சாருங்கோ’தான்.

ஷிப்டை மாற்றித் தரக்கூடியவர் ஸ்வெத்லானா ஒருவர்தான். உதவி கேட்கப்போனால் யாழ்ப்பாணத்தானுக்கு முதுகு வளையும், மரியாதை நீளும். ரஷ்ய முறைப்படி தகப்பன் பெயரையும் சேர்த்து, “ஸ்வெத்லானா பெத்ரோவ்னா...” என்று தொடங்கினேன். நண்பர்களுக்கிடையில் அது கதவைச் சாத்துகிற பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கையிலிருந்த தட்டு மேசையில் டமாரென்றது. “நான் உனக்கு என்ன செய்தேன்? என் முதல் புருசன் விவாகரத்துக் கேட்ட அன்றுதான் இப்படிக் கூப்பிட்டான்!”

இரண்டு நாள் நான் ‘மிஸ்டர் சிவசுப்பிரமணியம்’. லண்டனில் என் பெயரை ஓர் எழுத்துச் சிந்தாமல் உச்சரித்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் கோபத்தில்.

வெள்ளிக்கிழமை சரணடையப் போனேன். மூத்த பெண்ணை மொட்டையாகக் கூப்பிட நாக்கு எழவில்லை. ‘ஸ்வெத்தோச்கா’ என்றால் மனைவி வீட்டில் சேர்க்கமாட்டாள். கடைசியில் “ஸ்வெத்தாக்கா” என்றேன்.

“அதென்ன வால்?”

“எங்கட வால். மூத்த சகோதரிக்கு ஒட்டுறது.”

“நாங்கள் செல்லத்தில் ஆளைச் சின்னதாக்குவோம். நீங்கள் வயதைக் கூட்டுகிறீர்களா!” வயிறு குலுங்கச் சிரித்தார். மகளின் விழாவையும் ஷிப்டையும் சொன்னதும் கையசைத்தார். “போ, சிவோச்கா. சனிக்கிழமை என்னுடையது.”

மறுநாள் மகள் மூன்று வசனம் பேசினாள். நாலாவதில் தடுக்கி நின்று, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். கைதட்டலுக்குள் “இஞ்சாருங்கோ!” என்று மனைவி கூப்பிட, ஆறேழு ஆண்கள் திரும்பினோம். படம் எடுக்க என்னிடம் வாங்கிய போன் அவள் கையில், திரையில் ஒரு குறுஞ்செய்தி.

“பிள்ளை எப்பிடிப் பேசினவள் எண்டு ஆரோ கேட்டுக் கிடக்கு. ஆரப்பா இந்தச் சிவோச்கா?”

“நான்தான்” என்றேன். சொல்லிவிட்டு, பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.