காலில் தொங்கிய மணல்மூட்டை

தாதிப் படிப்புப் படிக்கும் என் மகள் ரானுயி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "ட்ராக்‌ஷனுக்குத் தமிழ் என்னப்பா?" என்று கேட்டாள். வார்ட்டில் ஒரு தமிழ் ஐயாவுக்கு விளங்கப்படுத்த வேண்டுமாம். மழைத் தெருவில் டயருக்கு வேண்டியது பிடிப்பு, லொறிக்கு இருப்பது இழுவை, முறிந்த காலுக்குச் செய்வதும் இழுவைதான் என்றேன்.

"ஒரு சொல்லாச் சொல்லுங்கோவன்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கடைசி இழுவையை எனக்கு நன்றாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வயதில் மதிலால் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியாக ஒரு மணல்மூட்டையைத் தொங்கவிட்டார்கள். அது ஆறு கிழமை விடாமல் இழுத்தால்தான் எலும்பு நேராகப் பொருந்தும் என்றார் டொக்டர்.

எங்கள் சொந்தக்காரருக்கு அது பொறுக்கவில்லை. பெரியம்மா, "குழந்தைப்பிள்ளையின்ர காலில பாரம் கட்டியிருக்கிறாங்கள், பாவியள்" என்று மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமா அதற்கு அடியில் ஸ்டூலை வைத்துவிட்டுப் போனார். சித்தப்பா பாதி மணலை யன்னலால் கொட்டினார். தாதி திருப்பித் திருப்பிச் சரிசெய்தும் பயனில்லை. இழுப்பு விட்ட சுகத்தில் நானும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு விலகியிருந்தது. "முதலில இருந்து தொடங்கவேணும். இன்னொருக்கா ஆரும் கை வச்சா இவன் நொண்டித்தான் நடப்பான்" என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார்.

அன்றிலிருந்து அம்மா மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருந்துவிட்டார். பெரியம்மா மறுபடி வந்து கையை நீட்டியபோது மறித்தார்.

"நீயெல்லாம் ஒரு தாயோடி?"

"ஓமக்கா, நான்தான் தாய். கையை எடுங்கோ."

பெரியம்மா அதன்பிறகு வரவில்லை. நானும் அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன். சோற்றைக்கூட அப்பா வந்து தீத்தினால்தான் வாய் திறப்பேன். இன்று பக்டரியில் எட்டு மணிநேரம் நின்று வேலை செய்கிறேன். இரண்டு காலும் ஒரே அளவு.

ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடந்த ஒருநாள் மத்தியானம் இழுப்புத் தாங்காமல் என் பிடிவாதத்தை விட்டு, "கொஞ்சம் தூக்குங்கோ அம்மா, ஒருக்கா மட்டும்" என்று கெஞ்சினேன். அம்மா இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் அழுத்தி இருந்தார். அந்த வெயிலில் அம்மாவுக்குக் கை குளிர்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.