கீழ்வீட்டுப் பியானோ

பித்தளை விளக்கில் பழப்புளி தேய்க்கும் மணம் வந்தால் எனக்குக் கோயில் அல்ல, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து எங்கள் வீட்டு வாசல்தான் நினைவுக்கு வரும். பின்னாளில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டிலிருந்து நாஜிகள் பிடித்துச்சென்று கொன்ற யூதக் குடும்பத்தின் பெயர்கள் அந்த நடைபாதையில் பித்தளைத் தகடுகளாகப் பதிந்திருக்க, வெள்ளிதோறும் விளக்குக்குக் கரைத்த புளியின் மிச்சத்தால் அம்மா அவற்றையும் மினுக்குவார். அங்கேயே பிறந்து வளர்ந்த மேல்வீட்டுக் கிழவி அந்நேரம் பியானோ வாசித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவள் யன்னலால் எட்டிப் பார்த்து, அந்தத் தகடுகளில் இருப்பவர்கள் நல்ல சனங்கள், பியானோவைத் தன் அப்பாவிடம் தந்துவிட்டு வீடு மாறிப் போனார்கள் என்றாள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். போர் நெருங்க, கொதித்த சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த அம்மா நிமிரவில்லை.

"ஓம், நாங்களும் அப்பிடித்தான் வீடு மாறினனாங்கள்," என்றார்.

அதை நான் ஜெர்மன் மொழியில் சொன்னதும் கிழவி யன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.